பொறுப்புக் கையெழுத்து

இருதயராஜ் சாரைப் பற்றிய கதை எனக்கு இரண்டு கை மாறி வந்தது. எங்கள் வணிகவியல் துறையின் மல்லிகா மேடம் சொன்னார். அவருக்கு, முன்பு அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்த ஒருவர் சொன்னாராம். அந்த ஒருவர் இப்போது கல்லூரியில் இல்லை. நான் சாரிடம் நேரில் முழுதாகக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். அந்தச் சனிக்கிழமை மூன்று மணி நேரம் அவரும் நானும் ஒரே தேர்வறையில் மேற்பார்வையாளர்களாக நின்றோம். அதனால் எது நான் கேட்டது, எது நான் பார்த்தது என்று முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன். கேட்டது இது. எங்கள் கல்லூரியில் வேலைக்குச் சேரும்போது பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா அசல் சான்றிதழ்களையும் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். அவை பச்சை பீரோவுக்குள் போய்விடும். நடுவில் தேவைப்பட்டால் கடிதம் எழுத வேண்டும், கூடவே இன்னொரு ஆசிரியர் ‘பொறுப்பு’ என்று கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நாளைக்குத் தருவார்கள். வாங்கிப் போனவர் திரும்பி வராவிட்டால், அவர் இடத்துக்கு மாற்று ஆள் கிடைக்கும்வரை பொறுப்பேற்றவரின் சான்றிதழ்கள் பீரோவை விட்டு வெளியே வராது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இயற்பியல் துறை இருதயராஜ் சார் ஒரு நண்பருக்கு அப்படிக் கையெழுத்துப் போட்டார். நண்பர் போனவர் போனவர்தான். நடுவில் சாருக்கு ஓர் அரசுக் கல்லூரி வேலையே வந்ததாம், கையில் சான்றிதழ் இல்லாமல் நழுவிப்போனதாம். ஸ்டாஃப் ரூமில் அவருக்கு ‘ஜாமீன் சார்’ என்று பெயர். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே இந்தக் கதையை யாராவது சொல்லிவிடுவார்கள், குடிதண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்வதைப் போல.

மணி பத்தே கால். ஏழாம் அறை, அறுபது பேர், எல்லோருக்கும் கேள்வித்தாள் கொடுத்தாயிற்று. சார் அந்தக் கோடியில் நிற்கிறார், நான் இந்தக் கோடியில். உட்காரக் கூடாது, படிக்கக் கூடாது, போன் தேர்வு அலுவலகத்தில் இருக்கிறது. கையில் அட்டை, அட்டையில் வருகைத்தாள், வருகைத்தாளுக்கு அடியில் இரண்டு காகிதங்கள். ஒன்று எங்கள் துறையிலேயே இருக்கிற தில்ஷாத்தின் கடிதம். நான்காய் மடித்தது. இன்னொன்று காலையில் தரக்குழு சிவஞானம் சார் எல்லோருக்கும் கொடுத்த ஆசிரியர் பணித்திருப்திப் படிவம், இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண். மே மாதம் ஆய்வுக்குழு வருகிறது, அவர்களிடம் காட்ட வேண்டும். “பேர் எழுத வேண்டாம், முழு ரகசியம். மேல ஹால் நம்பர் மட்டும் போடுங்க,” என்றார். யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். “எல்லாரும் அஞ்சு அஞ்சுன்னு போட்டுராதீங்க, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க. நடுவுல ரெண்டு நாலு வரட்டும். மூணுக்குக் கீழ வேண்டாம்.” மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டக்கென்கிறது. எண்ணக் கூடாது என்று நினைத்தால் எண்ணத்தான் தோன்றுகிறது. புள்ளியியல் பாடம் எடுப்பவளுக்கு வேறென்ன வரும். இருபத்தொன்று, இருபத்திரண்டு. பதினொன்றரைக்கு ராசாத்தி அக்கா டீ கொண்டுவருவார். பன்னிரண்டரைக்கு மறுபடி டம்ளர் எடுக்க வருவார். அலுவலக ஜன்னல் சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடும். தேர்வும் ஒரு மணிக்குத்தான் முடியும், அறையை விட்டு நானும் போக முடியாது, மேல்மாடி ஒன்பதாம் அறையிலிருந்து தில்ஷாத்தும் இறங்க முடியாது. கடிதத்தை அக்கா கையில் அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பினால்தான் உண்டு. இரண்டு வாய்ப்புகள். இரண்டும் இன்னும் வரவில்லை, அதற்குள் உள்ளங்கை வேர்த்து வருகைத்தாளின் ஓரம் நெளிகிறது.

காலையில் மாடிப்படியில் வைத்துக் கொடுத்தாள். “நதி, கையெழுத்துத்தான கேக்கறேன், கிட்னியா கேக்கறேன்?” அவளுடைய ஊர் வாணியம்பாடி. அங்கே ஓர் உதவிபெறும் கல்லூரியில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல், அசல் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். அவளுடைய நான்கு வயதுப் பெண் அங்கே அம்மா வீட்டில், நானி என்று கூப்பிடுகிற பாட்டியிடம் வளர்கிறது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். “போன தடவ கதவத் தொறந்துட்டு, ‘நானி, யாரோ வந்திருக்காங்க’ன்னு உள்ள ஓடுது. அடுத்த தடவ ஆன்ட்டின்னு கூப்பிடும் பாரு.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. வேலை கிடைத்தால் திரும்பி வருவாயா என்று கேட்டேன். “வருவேனா? பைத்தியமா உனக்கு? உங்கிட்ட பொய் சொல்லமாட்டேன். கெடச்சா வரமாட்டேன். கெடைக்கலன்னா திங்கக்கெழம சாயங்காலம் அந்தப் பச்ச பீரோ முன்னாடி நிப்பேன்.” லெட்டரில் பேங்க் லோனுக்கு என்று எழுதியிருக்கிறாயே என்றேன். “பின்ன, ஓடிப்போறதுக்குன்னு எழுதவா?” வேறு யாரிடமும் கேட்டாயா என்றேன். இதை ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். “யாருகிட்ட கேக்க? மல்லிகா மேடம்கிட்ட கேட்டா முதல் மணி அடிக்கறதுக்குள்ள செய்தி வாசிச்சிருவாங்க. நீதான் இருக்க.” நீதான் இருக்க. நல்ல வார்த்தைதான். கழுத்தில் ஏன் இப்படிக் கயிறு மாதிரி இறங்குகிறது?

எனக்கும் மே மாதம் உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. திருச்சியில் முழுநேர ஆய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், உதவித்தொகையோடு. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன், மே இருபதாம் தேதி சான்றிதழ் சரிபார்ப்பு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடக்காது என்று ஒரு பயம். புள்ளியியல் படித்தவளுக்கு இப்படி ஒரு பயம் இருக்கலாமா? இருக்கிறது. அவளிடம் பொய் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது. இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் என் மே மாதம் அவளுடைய திங்கட்கிழமைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அவளுக்கு வேலை கிடைக்கக் கூடாது என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். கிடைக்காவிட்டால் திங்கள் மாலை பீரோ பழையபடி நிறைந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. அந்தக் குழந்தைக்குத் தவிர. முதல் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்குகிறாள். அடிஷனல் ஷீட். கொடுக்கிறேன், பதிவெண் எழுதச் சொல்கிறேன், கையொப்பமிடுகிறேன். இதில் எவ்வளவு சுலபமாகக் கை ஓடுகிறது. ந, தி, யா, கீழே ஒரு கோடு. காலையிலிருந்து எழுபது முறை போட்டிருப்பேன். எழுபத்தொன்றாவதுதான் முடியவில்லை.

அந்தப் பீரோவுக்குள் என் கவர் எந்தத் தட்டில் இருக்கும்? சேர்ந்த அன்று கொடுத்ததுதான். சூப்பரின்டெண்ட் ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினார். பட்டச் சான்றிதழ் வந்ததும் நிறுத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பக்கத்து மேசையைப் பார்த்துச் சிரித்தார். “டிகிரி சர்டிபிகேட்ட யாரும்மா லேமினேட் பண்ணுவா? நாளைக்கு யாராச்சும் பின்பக்கம் முத்திர வைக்கணும்னா எங்க வைப்பான்?” அப்பா செய்தது. திருச்செங்கோட்டில் போர்வெல் லாரியில் வேலை, சத்தீஸ்கர் பக்கம் போனால் வர நான்கு மாதம் ஆகும். சான்றிதழ் வந்த வாரம் ஊரில் இருந்தார். கையில் வாங்கினால் கறை பட்டுவிடும் என்று துண்டை விரித்து அதில் வைக்கச் சொன்னார். மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் கண்ணாடித்தாள் போட்டுக் கொண்டுவந்தார், ஓரமெல்லாம் இன்னும் சூடாக இருந்தது. “இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது.” தண்ணீர் தேடித் துளை போடுகிறவருக்குத் தண்ணீர்மேல்தான் பயம். லேமினேட் செய்யக் கூடாது என்று சொல்ல எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கியிருக்கவில்லை. அப்படி யாரும் வாங்கவில்லை என்பதற்கு அரசாங்கம் கொடுத்த முதல் பட்டதாரிச் சான்றிதழும் அதே கவரில்தான் இருக்கிறது. சூப்பரின்டெண்ட் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. பீரோவில் கரையான் வருமா? வந்தால் என்னுடையது ஒன்றுதான் பிழைக்கும்.

சார் ஜன்னலோரமாக நடந்து வருகிறார். சத்தம் வராத செருப்பு. ஒரு பையனின் பேனா நின்றுவிட்டது. கேட்பதற்கு முன்பே தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். மூன்று பேனாக்கள் கொண்டுவந்திருக்கிறார். வெள்ளை நூலையும் அளவு பார்த்து வெட்டி, விரலில் சுற்றி வைத்திருக்கிறார், விடைத்தாள் கட்டுவதற்கு. பன்னிரண்டு வருடம் ஓரிடத்தில் அடைபட்டால் மனிதன் இப்படி நூல் வெட்டத் தொடங்கிவிடுவான் போலிருக்கிறது. எனக்கு ஐம்பது வயதில் என்ன பெயர் வைப்பார்கள்? ஸ்டாஃப் ரூமில் என் அலமாரியில் என் பெயர்ச்சீட்டுக்கு அடியில் இன்னும் மூன்று பெயர்கள் இருக்கின்றன. சேர்ந்த முதல் மாதம் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கவிப்பிரியா, அதற்கடியில் ஏதோ ஒரு ராஜன், அதற்கும் அடியில் பசை மட்டும். மூன்று வருடத்தில் எங்கள் துறையிலிருந்து பதினோரு பேர் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சுவர்க்கடிகாரம், மிக்சர், ஆரஞ்சு ஜூஸ். போனவர்களைப் பற்றி இரண்டு நாள் பேசுவோம். பிறகு அவர்களுடைய பாடவேளைகளைப் பங்கு போட்டுக்கொள்ளும்போது திட்டுவோம். கோடையில் ஊர் ஊராகப் போய் மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடிக்கும்போது மறுபடி நினைப்போம், அவங்க தப்பிச்சாங்க என்று. இருந்தும் போன வாரம் ஒட்டுறவுப் பாடத்தில் கடைசி பெஞ்சு கோகிலா எழுந்து, “மேடம், ரெண்டும் சேர்ந்து ஏறுதுன்னா ஒண்ணாலதான் இன்னொண்ணு ஏறுதுன்னு சொல்ல முடியாது இல்ல?” என்றாளே. அப்போது எனக்கு ஏன் கண் கலங்கியது? படிவத்தில் அதற்கு ஒரு கேள்வி இல்லை.

பதினொன்றரை. ராசாத்தி அக்கா தட்டோடு வருகிறார். கதவருகே நின்று டீ குடிக்கலாம், அது மட்டும் அனுமதி. சாரும் வந்து நிற்கிறார். மேசைமேல் அவருடைய படிவம் இருக்கிறது, முடித்துவிட்டார் போல. ஐந்து, ஐந்து, ஐந்து, மேலிருந்து கீழே வரை ஐந்துகள், ஒரே சீரான கையெழுத்தில். அடுத்த ஐந்தாண்டுகளும் இந்நிறுவனத்திலேயே பணியாற்ற விரும்புகிறேன் என்கிற பதினான்காவதற்கும் ஐந்து. சிவஞானம் சார் சொன்னது இவர் காதில் விழவில்லையா? இவ்வளவு பயமா? எனக்குள் ஏதோ கசந்தது. டீயில் சர்க்கரை கம்மி என்று அக்காவிடம் சொன்னேன். “சனிக்கெழமைக்கு இதுவே சாஸ்தி கண்ணு,” என்றார் அக்கா. கேட்டுவிடலாமா? வாய் தானாகவே திறந்துவிட்டது. “சார், நீங்க யாருக்காவது பொறுப்புக் கையெழுத்து போட்டிருக்கீங்களா?” அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “போட்டிருக்கேம்மா.” அப்புறம் என்ன ஆச்சு சார் என்று கேட்க நான் மூச்சை எடுத்தேன். “அதனாலதான் இங்கயே கெடக்கறேன்னு சொல்றாங்க, இல்ல?” என்று அவரே சிரித்தார். “சொல்லட்டும்மா. நமக்கும் அது வசதிதான்.” என்ன வசதி? அதற்குள் நடுவரிசையில் ஒரு கை உயர்ந்தது, அவர் விரலில் நூலோடு போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்தார். “மேல ஒம்பதாம் நம்பர் மேடம், நதியா மேடம் ஏதாச்சும் குடுத்தாங்களான்னு கேட்டாங்க.” இன்னும் எழுதலக்கா, அடுத்த தடவ வாங்கிக்குங்க என்றேன். இன்னும் எழுதவில்லை. அது பொய்யில்லை. அந்த அளவுக்கு நான் கவனமாகத்தான் இருக்கிறேன்.

பன்னிரண்டு. பன்னிரண்டு பத்து. கடிதத்தைப் பிரிக்கிறேன், அட்டையின் மறைவில். அவள் எழுத்து குண்டு குண்டாக, நிதானமாக இருக்கிறது. ‘வங்கிக் கடன் தொடர்பான சரிபார்ப்புக்காக.’ கீழே கோடு போட்டு ‘பொறுப்பு’ என்று எழுதி, அதன் கீழே என் பெயரையும் அவளே எழுதி வைத்திருக்கிறாள். நான் போடுவேன் என்று அவ்வளவு நம்பிக்கை. பொய்க்குத் துணை போகக் கூடாது என்று ஒரு குரல் எழுந்து வருகிறது, பள்ளிக்கூட பிரேயரில் நிற்கிற குரல். அது நேர்மைதானா என்று உற்றுப் பார்க்கிறேன். இல்லை. நேர்மையாக இருந்தால் காலையிலேயே படியில் வைத்து முடியாது என்று சொல்லியிருக்கும். அவள் மல்லிகா மேடத்தையாவது கெஞ்சிக் கேட்டிருப்பாள். இது நேரத்தைத் தின்றுகொண்டிருக்கிற வேறு ஏதோ. பேனாவைத் திறக்கிறேன். சான்றிதழ் சரிபார்ப்பு அறை, நீளமான மேசை, அசல் எங்கேம்மா என்று ஒருவர் கேட்கிறார், ஒருத்திக்குப் பொறுப்புப் போட்டேன் சார் என்கிறேன், பக்கத்து மேசையில் சிரிப்பு, நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஜாமீன் மேடம். அப்பா சத்தீஸ்கரிலிருந்து போனில் கேட்கிறார், அது யாருடைய கடன்மா? பேனாவை மூடுகிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. படிவத்தை இழுத்து நிரப்பத் தொடங்குகிறேன். நான்கு, ஐந்து, நான்கு, மூன்று. பதினான்காவதில் ஒன்று என்று போட்டேன். நேராக ஒரு கோடு. பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே ஏழாம் அறை என்று இருக்கிறது, ஏழாம் அறையில் இரண்டே பேர், ஒருவர் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டார். அந்தக் கோட்டோடு இன்னும் இரண்டு கோடுகளைச் சேர்த்தால் நான்கு ஆகிவிடும். சேர்த்தேன்.

பன்னிரண்டரை மணி அடித்தது. அரை மணி நேரம் இருக்கிறது என்று சார் வகுப்புக்குச் சொன்னார், குரலை உயர்த்தாமல். தலைகள் நிமிர்ந்து மறுபடி குனிந்தன. என்னைப் பார்த்து, “என்னம்மா, மொகம் வெளுத்திருக்கு? அந்தப் பேப்பர்ல ஏதாவது சந்தேகம்னா கேளும்மா,” என்றார். படிவத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். கடிதம் அதன் மேல் பாதி பிரிந்து கிடந்ததைப் பிறகுதான் கவனித்தேன். ஒண்ணுமில்ல சார் என்றேன். ராசாத்தி அக்கா டம்ளர்களை அடுக்கினார். படிவங்களை வாங்கிவரச் சிவஞானம் சார் சொன்னாராம், கையை நீட்டினார். சாருடையதைக் கொடுத்தேன், என்னுடையதைக் கொடுத்தேன். “வேற ஏதாச்சும் இருக்கா கண்ணு? போற வழியில ஆபீஸ்லயும் குடுத்துருவேன். ஜன்னல் இன்னும் தெறந்துதான் இருக்கு.” விசிறி டக்கென்றது. “இல்லக்கா,” என்றேன். அவர் படியேறும் சத்தம் கேட்டது. ஒன்பதாம் அறை வரை பதினெட்டுப் படிகள், எனக்குத் தெரியும். எண்ணினேன்.

தில்ஷாத் திட்டவில்லை. ஒன்றரைக்கு விடைத்தாள் கட்டுகளோடு தேர்வு அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது, கடிதத்தை நீட்டினேன், ஏதோ சொல்லவும் ஆரம்பித்தேன். “பரவால்ல, விடுங்க நதியா மேடம்,” என்றாள். மூன்று வருடம் நதி என்று கூப்பிட்டவள். திங்கட்கிழமை அவளுக்கு முதல் வகுப்பு இருந்தது, வந்து எடுத்தாள். மே மாதம் ஆய்வுக்குழு வந்தபோது சிவஞானம் சார் திரையில் ஒரு பட்டை வரைபடம் போட்டார். இந்தக் கல்வியாண்டில் வணிகவியல் துறையில் ஆசிரியர் தக்கவைப்பு நூறு சதவீதம். கைதட்டினார்கள். தில்ஷாத் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள், அவளும் தட்டினாள். மே இருபதாம் தேதிக்கு நான் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது, கீழே ஒருவர் பொறுப்புப் போட வேண்டியிருந்தது. யாரிடம் போய்க் கேட்பது? எழுதவில்லை.

ஜூன் மாதம் அலுவலகப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற என்னையும் போட்டார்கள். சான்றிதழ் வழங்கல் பதிவேடு என் பங்குக்கு வந்தது. கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினேன். பொறுப்பேற்பவர் என்ற கட்டத்தில் இருதயராஜ் சாருடைய சீரான கையெழுத்து நான்கு இடங்களில் இருந்தது, வேறு வேறு வருடங்களில், வேறு வேறு ஆட்களுக்கு. கடைசியாகப் போட்டது அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு மாதம் முன்பு. அந்த நால்வரில் ஒருவர்கூட இப்போது இங்கே இல்லை. அதனால் அதைச் சொல்லவும் ஆள் இல்லை. பதிவேட்டின் முதல் பாதியில், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில், அந்த நண்பரின் வரிசை இருந்தது. ‘திரும்பவில்லை. பொறுப்பேற்றவர் சான்றிதழ் நிறுத்திவைப்பு’ என்று ஜூலை இரண்டாம் தேதியிட்ட சிவப்பு மைக் குறிப்பு. அதற்கு நேரே வலதுகோடியில், மாற்று ஆள் சேர்ந்தார் என்ற குறிப்பும், ‘என் அசல் சான்றிதழ்கள் அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்’ என்று சாருடைய கையெழுத்தும். ஜூலை இருபத்தொன்று, அதே வருடம். இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது நாள்.